கழட்டினவன் மாட்ட வேண்டும்

வேனில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓட்டியவர் கோவிந்தன், கள்ளக்குறிச்சிக்காரர், பேசாமல் வண்டி ஓட்டத் தெரியாதவர். அவர் பக்கத்தில் அந்தோணிசாமி, கரும்பு ஆலை போர்மேன். பின் சீட்டில் மிஸ் லிம், எங்கள் ஆபீஸ் எஞ்சினியர், மலேசியச் சீனப் பெண், தமிழ் ஒரு சொல் தெரியாது. அவருக்குப் பக்கத்தில் நான், மணியம், பினாங்கில் தச்சு வேலை செய்பவன். தமிழும் மலாயும் பேசுவேன் என்பதால் கூட்டி வந்தார்கள். கடைசி சீட்டில் ஆள் இல்லை. அதில் உட்கார வேண்டியவனைத் தேடித்தான் கல்வராயன் மலைக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

எங்கள் ஆபீஸ் ஒரு மின் நிலையத்துக்குப் படம் வரைகிறது. அந்த மாதிரி நிலையம் உலகத்தில் இன்னும் எங்கும் கிடையாது. சூரியனுக்குள் நடப்பதை ஒரு பெரிய இரும்புப் பாத்திரத்துக்குள் நடத்துவது. அந்தச் சூட்டில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கரண்டு எடுப்பது. அணுவைப் பிளப்பது இல்லை, சேர்ப்பது. சோதனைக்கு ஓட்டுவது ஒன்று, கரண்டை விற்பதற்கு ஓட்டுவது வேறு என்பார் மிஸ் லிம். விற்க வேண்டுமானால் நிலையம் அதிகம் நிற்கக் கூடாது. ஆனால் நிற்காமல் முடியாது. பாத்திரத்தின் உள் சுவர் சில வருடத்தில் கெட்டுவிடும், மாற்ற வேண்டும். உள்ளே மனிதன் போக முடியாது, கதிர்வீச்சு இருக்கும். இயந்திரக் கை போய்த்தான் மாற்ற வேண்டும்.

அந்த உள் சுவரை நான் ஒட்டுப்பலகையில் செய்கிறேன். நிஜ அளவு. இயந்திரக் கையை அதில்தான் பழக்குகிறார்கள். நானூற்றுச் சொச்சம் துண்டு. பக்கத்துக் கதவு வழியாக ஒவ்வொன்றாகக் கழட்டி, ஒவ்வொன்றாக மாட்டுவது. இது ஒரு வழி. சுவரை ஆரஞ்சுச் சுளை மாதிரி பெரிது பெரிதாக வெட்டி, மேலே திறந்து தூக்குவது இன்னொரு வழி. ஒரு சுளை தென்னை மர உயரம் வரும். என் கொட்டகைக்குள் நிற்காது, பலகையில் செய்யவும் முடியாது. வேறு ஊரில் இரும்பில் செய்வார்கள்.

எந்த வழி என்று மிஸ் லிம் திரும்பிப் போனதும் ஆபீசில் சொல்ல வேண்டும். இரண்டு வழிக்கும் செலவு செய்ய ஆபீசில் பணம் இல்லை. பெரிய துண்டு என்றால் என் கொட்டகையை மூடிவிடுவார்கள். எனக்கு வயதாகிவிட்டது, இன்னொரு கொட்டகை யாரும் தர மாட்டார்கள். இது அவருக்கும் தெரியும். நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

கள்ளக்குறிச்சிக்கு வந்து இறங்கிய அன்று சரியான வெயில். லாட்ஜுக்கு எதிர்க் கடையில் பசியாறினோம். இட்லி, வடைகறி. மிஸ் லிம் வடைகறியை மறுபடியும் கேட்டார். கடையில் இரண்டு பேர் அவரைப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள்.

“நேபாளம் போல இருக்குது.”

“இல்லடா, ஜப்பானு. கரண்டு கண்டுபுடிக்க வந்துகினு இருக்காங்களாம்.”

“இன்னாத்துக்கு இங்க வரணும்? இங்க இருக்குற கரண்டே மத்தியானம் ரெண்டு மணிக்குப் பூடுது.”

மொழிபெயர்த்துச் சொன்னேன். மிஸ் லிம் சிரித்தார். “சரியான ஊருக்குத்தான் வந்திருக்கிறோம் என்று சொல்” என்றார். சொன்னேன். அவர்களும் சிரித்து, அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

எங்கள் ஊரில் இழுத்து ஆற்றும் டீ, தே தாரே, இதைவிடக் கெட்டி. இங்கே தம்ளர் சின்னது, சூடு அதிகம். ஆனால் அடிக்கடி குடிக்கிறார்கள். கணக்கு சரியாகிவிடும்.

மறுநாள் ஆலைக்குப் போனோம். பெயர் போட வேண்டாம் என்றார்கள். நான் சின்ன வயதில் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்தவன். எங்கள் ஆலை வருடம் முழுவதும் ஓடும். இது அப்படி இல்லை. கரும்பு வரும் மாதங்களில் இரவு பகலாக ஓடும். பிறகு நிறுத்தி, மொத்த ஆலையையும் பிரித்துப்போட்டு, தேய்ந்ததை மாற்றி, திரும்ப மாட்டுவார்கள். வருடா வருடம் இதே வேலை. மிஸ் லிம் அதைப் பார்க்கத்தான் வந்தார். நின்ற ஆலை எப்படித் திரும்ப எழுந்து நிற்கிறது என்று பார்க்க வேண்டுமாம்.

அந்தோணிசாமி கட்டையான ஆள். கழுத்தில் சின்னச் சிலுவை, காதில் பென்சில். எங்களைக் கரும்பு நசுக்கும் உருளைகள் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப் போனார். ஒரு உருளை வேனை விடப் பெரியது. மேலே கிரேன் வந்தது. சங்கிலி மாட்டினார்கள். ஒருவர் விசில் ஊதினார். உருளை நேராக மேலே போனது. பேச்சே இல்லை.

அதற்குப் பக்கத்தில் சாறு காய்ச்சும் கலம். அதற்குள் குழாய்கள், எண்ண முடியாது. ஆட்கள் உள்ளே குந்தி ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தார்கள். எத்தனை நாளாக என்று மிஸ் லிம் கேட்கச் சொன்னார்.

“அத்தக் கேக்காதீங்க” என்றார் அந்தோணிசாமி. “பெருசு எப்பவும் தொந்தரவு இல்ல. ஒரே தூக்கு. தூக்கும்போது பயம், எறக்கிட்டா முடிஞ்சிது. சின்ன சாமான்தான் உசுர எடுக்கும். உருப்படி ஜாஸ்தின்னா நாள் ஜாஸ்தி. ஒண்ணு சரியா உக்காரலன்னா மீதி அத்தனையும் அதுக்குக் காத்துக்கினு இருக்கணும்.”

மிஸ் லிம் என் முகத்தைப் பார்த்தார். “என்ன சொல்கிறார்?”

கலத்துக்குள் சுத்தியல் சத்தம். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன். பிறகு அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். எதையும் விடவில்லை.

மிஸ் லிம் கொஞ்ச தூரம் நடந்து ஒரு இடத்தில் நின்றார். உருளை உட்காரும் வெண்கலப் பேரிங் ஒன்று துணி மூடிச் சும்மா கிடந்தது. பக்கத்தில் இருந்த மற்ற பேரிங் எல்லாம் மாட்டியாகிவிட்டது. இது மட்டும் ஏன் இப்படி என்று கேட்டார்.

“அது வெள்ளையனோடதுங்க. அவன் வந்தாத்தான்.”

“வேறு ஆள் இல்லையா?”

“ஆளு நெறைய இருக்குது. ஆனா கழட்டினவன் அவன். கழட்டினவன்தான் மாட்டணும். இங்க அப்பிடித்தான்.”

இதை மிஸ் லிமுக்கு விளக்க நேரமானது. அந்தப் பேரிங்கைக் கையால் சுரண்டிச் சுரண்டித்தான் உருளைக்குப் பொருத்துவார்கள். ஒரு ஆளுக்கு ஒரு கை. ஒருவன் சுரண்டியதை இன்னொருவன் தொட்டால் சீசன் நடுவில் சூடாகி நின்றுவிடும் என்கிறார்கள். எத்தனையோ வருட வழக்கம். யார் எழுதிவைத்தது என்று தெரியாது. எழுதியே வைக்கவில்லை.

“அந்த ஆள் வேலையை விட்டுப் போய்விட்டால்?”

“போற அன்னிக்கி இன்னொருத்தனைப் பக்கத்துல குந்த வச்சிக்கினு முழுசா ஒருக்கா பிரிச்சி மாட்டிக் காட்டிட்டுத்தான் போவணும். எங்கப்பாவும் அப்பிடித்தான் போனாரு.”

மிஸ் லிம் தன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “நம் நிலையத்தில் சுவரைக் கழட்டப் போகிறவர்கள் இன்னும் பிறக்கவே இல்லை, மணியம். மாட்டப் போகிறவர்கள் அவர்களாக இல்லாமல் வேறு ஆட்களாக இருப்பார்கள்.”

வெள்ளையன் மலைக்காரன். கரியாலூர்ப் பக்கம் வீடு. போய்ப் பல நாளாகிவிட்டது, போன் எடுக்கவில்லை. அந்தோணிசாமி மறுநாள் போய்க் கூட்டிவருவதாக இருந்தார். நாங்களும் வருகிறோம் என்றார் மிஸ் லிம்.

அப்படித்தான் வேனில் ஏறினோம்.

மலை ஏறத் தொடங்கியதும் கோவிந்தன் பேச்சைக் கூட்டினார். என் தாத்தா எந்த ஊர் என்று கேட்டார். தெரியாது என்றேன். தென்னாற்காடு என்று மட்டும் கேள்விப்பட்டிருக்கிறேன்.

“அப்ப இதான் சார் உங்க ஊரு! ஊருக்கே வந்துட்டு ஊரு தெரியலன்றீங்களே!”

தென்னாற்காடு பெரிதாயிற்றே என்றேன். அதை அவர் காதில் வாங்கவில்லை. போகிற வழியில் எல்லாரிடமும் நம்ம ஊர்க்காரர், மலேசியாவில் இருந்து வந்திருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

பாதி மலையில் வண்டி புகைந்தது. ரேடியேட்டர் கொதித்துவிட்டது. ஓரமாக நிறுத்தினோம். மிஸ் லிம் இறங்கி மூடியைப் பார்க்கப் போனார். கோவிந்தன் ஓடிவந்து குறுக்கே நின்றார்.

“மேடம், வேணாம்! ஆறணும். இப்பத் தொறந்தா மூஞ்சி வெந்துடும்.”

எவ்வளவு நேரம் என்று கேட்டார் மிஸ் லிம். அது ஆறும்போது ஆறும் என்றார் கோவிந்தன். மிஸ் லிம் ஒரு கல்லில் உட்கார்ந்தார். எங்கள் நிலையமும் இப்படித்தான், நிறுத்தினாலும் உடனே திறக்க முடியாது, ஒரு மாதம் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றார். நான் சொன்னதும் கோவிந்தனுக்குச் சந்தோஷம்.

“பாத்தீங்களா! அவங்க வண்டியும் நம்ம வண்டி மாதிரிதான். அந்தக் கரண்டு எப்ப மேடம் வரும்?”

“உங்கள் மகன் உங்கள் வயதுக்கு வரும்போது வரலாம். வராமலும் போகலாம்.”

கோவிந்தன் ரேடியேட்டரைக் காட்டினார். “அப்ப இன்னாத்துக்கு இவ்ளோ அவசரமா மலை ஏத்தினீங்க என்னிய? மெதுவா வந்திருந்தா கொதிச்சிருக்காதே.”

எதிரே வந்த பஸ் நின்றது. கண்டக்டர் ஒரு குடம் தண்ணீர் கொடுத்தார். குடத்தைத் திரும்பும்போது டீக்கடையில் வைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு விசில் ஊதினார். யார் எவர் என்று கேட்கவில்லை.

வெள்ளையன் வீட்டுக்குப் போனபோதுதான் காரணம் தெரிந்தது. வீட்டுக்குக் கூரை இல்லை. நாட்டு ஓடு முழுவதையும் பிரித்துச் சுவரோரம் அடுக்கியிருந்தான். கூரையைத் தாங்கும் கைமரம் சில உளுத்துப்போயிருந்தது. உள்ளே ஒரு தார்ப்பாய், அதன் கீழே பாத்திரம் பண்டம். அவன் மனைவி ராமாயி கைக்குழந்தையோடு பலா மரத்தடியில் இருந்தாள். மேற்கே மேகம் கறுத்திருந்தது.

அந்தோணிசாமி வேனில் இருந்து இறங்கும்போதே சத்தம் போட்டார். “ஏன்டா டேய்! ஆலைய தொறந்து போட்டுட்டு இங்க வந்து வூட்டயும் தொறந்து போட்டுகினு குந்தியிருக்கியா? ஒரு போன் எடுக்க மாட்ட?”

“போனு தார்ப்பாய்க்குள்ள எங்கயோ கெடக்குது சார்.” வெள்ளையன் மெல்லிய ஆள், குரலும் மெல்லியது. “ரெண்டு நாளுல முடியும்னு பிரிச்சேன். மரம் உளுத்துப்போச்சி.”

“வேற யாரையாச்சும் வுட்டுட்டு வாடா. சீசன் நிக்குது.”

“கழட்டினவன் நான் சார். மாட்டாம எப்பிடி வர்றது?”

 அந்தோணிசாமியின் சட்டமே அது.  ராமாயி முந்தானையால் சிரிப்பை மறைத்தாள்.

நான் கைமரத்தைப் பார்த்தேன். மூன்றுதான் மோசம். உளி இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. சட்டையைக் கழட்டினேன். மரம் எங்கள் ஊர் மரத்தை விடக் கடினம். வாசம் நன்றாக இருந்தது. வெள்ளையன் மறுமுனையைப் பிடித்தான். இரண்டு பேரும் பேசாத ஆட்கள், வேலை ஓடியது.

மத்தியானம் ராமாயி மரவள்ளிக் கிழங்கு அவித்து, மிளகாயும் உப்பும் அரைத்துக் கொடுத்தாள். மிஸ் லிம் கையால் சாப்பிட்டார். எங்கள் ஊரில் இதைப் பஞ்ச காலத்துச் சாப்பாடு என்பார்கள். இங்கே விருந்தாளிக்குப் போடுகிறார்கள். இதுதான் நன்றாக இருந்தது. பிறகு பலாப்பழம். கோவிந்தன் எண்ணெய் தடவாமல் பழத்தை அறுத்துவிட்டு, சாயங்காலம் வரை பால் ஒட்டிய கையோடு அலைந்தார். ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொண்டால் திருப்பமெல்லாம் சரியாக வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ராமாயி என்னிடம் கேட்டாள்: “அந்தம்மா அணுக் கரண்டாமே. எங்க மலையில வைக்கப் போறாங்களா?”

மிஸ் லிம் அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார். “இல்லை. எங்கும் இல்லை. இன்னும் படம்தான்.”

“படத்துக்கா இவ்ளோ தூரம் வந்தாங்க?” குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். “சரி. நல்லா வரையட்டும். கெட்டது எதுவும் வராதபடி வரையச் சொல்லுங்க.”

அதையும் சொன்னேன். மிஸ் லிம் தலையாட்டினார். 

பிறகு ஓடு. நாட்டு ஓடு உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, அரைக் குழாய் மாதிரி. வெள்ளையன் மேலே. நான் ஏணியில். கீழே அந்தோணிசாமி, மிஸ் லிம், கோவிந்தன். கைமாற்றிக் கைமாற்றிக் கொடுத்தோம். ஒன்று மல்லாக்க, ஒன்று குப்புற. ஒன்று நழுவினால் பக்கத்தில் உள்ளது சரியும். சரிந்தால் வெள்ளையன் அந்த வரிசையையே எடுத்துத் திரும்ப வைப்பான். கோவிந்தன் கையில் பலாப்பால், ஓடு ஒட்டிக்கொண்டு வரவில்லை. “வுடுய்யா!” என்று அந்தோணிசாமி கத்தினார். “நான் வுட்டுட்டேன், அது வுடல!” என்றார் கோவிந்தன்.

பாதி முடியுமுன் தூறல் வந்துவிட்டது. நிற்கவில்லை. நனைந்த ஓடு வழுக்கியது. மிஸ் லிம் கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. துணி சுற்றிக்கொண்டு கொடுத்தார். அடுக்கு குறைகிற மாதிரியே தெரியவில்லை. ஏணியில் நின்று ஒவ்வொன்றாக வாங்கும்போது என் கொட்டகையை நினைத்துக்கொண்டேன். நானூறு பலகைத் துண்டும் இப்படித்தான். ஒவ்வொன்றும் என் கை பட்டது. பலகை வேலை நல்ல வேலைதான். ஆனால் அந்த இயந்திரக் கைக்கு வழுக்கினால் தெரியாது. ஏணியில் நிற்கும் ஆள் கிடையாது.

பக்கத்து வீட்டுக்குத் தகரக் கூரை. மொத்தமே சில தகடுதான். மிஸ் லிம் அதைக் காட்டி வெள்ளையனைக் கேட்கச் சொன்னார். ஏன் அப்படிப் போடவில்லை?

வெள்ளையன் மேலே இருந்து சொன்னான். “தகரம் சீக்கிரம் ஆவும். ஆனா ஒண்ணு காத்துல பூட்டா வூடே தொறந்து பூடும். ஓடு ஒடஞ்சா நான் மேல ஏறி அந்த ஒண்ண மட்டும் மாத்திடுவன்.”

இதை மிஸ் லிமுக்குச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் நன்றாக வந்தது. மறைக்கவில்லை.

மிஸ் லிம் மழையில் நின்றபடி கூரையைப் பார்த்தார். 

“அவர் சொல்வது சரி” என்றார் கடைசியில். “ஏறுவதற்கு ஆள் இருந்தால் ஓடுதான் நல்லது. என் கூரையில் யாரும் ஏற முடியாதே, மணியம்.”

நான் அடுத்த ஓட்டை வாங்கினேன்.

இருட்டும் முன் முடிந்தது. மூலை ஒன்றில் ஒழுகியது. வெள்ளையன் ஏறினான், ஒரு ஓட்டைத் தள்ளினான், நின்றுவிட்டது. ராமாயி பாத்திரங்களை உள்ளே கொண்டுபோய் அடுப்பு மூட்டினாள். புகை ஓட்டுச் சந்து வழியாக வந்தது.

அன்று கரியாலூரில் தங்கினோம். காலையில் வெள்ளையன் தலை சீவி, சட்டை மாற்றி, கையில் சுரண்டியை எண்ணெய்த் துணியில் சுற்றிக்கொண்டு வந்து கடைசி சீட்டில் உட்கார்ந்தான். டீக்கடையில் கண்டக்டரின் குடத்தைக் கொடுத்தோம். மலை இறங்கும்போது கோவிந்தன் பேசவில்லை. மிஸ் லிம் தூங்கிவிட்டார். அதனால்தான் பேசவில்லை என்று கோவிந்தன் பிறகு சொன்னார்.

ஆலையில் வெள்ளையன் துணியை விலக்கினான். பேரிங்கைத் தடவிப் பார்த்தான், கன்றுக்குட்டியைத் தடவுகிற மாதிரி. நீல மசி பூசி உட்கார வைத்தான், எடுத்தான், மசி ஒட்டிய மேடுகளைச் சுரண்டினான். மறுபடி. யாரும் அவசரப்படுத்தவில்லை. அந்தோணிசாமி கூடக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மிஸ் லிம் சிமெண்ட் தரையில் குந்தியிருந்தார். தரையில் வரையச் சாக்குக்கட்டி ஒன்று கேட்டார், கொடுத்தார்கள். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“எல்லாத் துண்டையும் செய்தவன் நீ. என்ன சொல்கிறாய்?”

இதுவரை என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. பதில் எனக்கு ஏணியிலேயே வந்துவிட்டது.

“துண்டைக் குறைத்துவிடுங்கள், மிஸ்.”

“உன் கொட்டகை?”

“மாட்டினவன் நான். நானே கழட்டுகிறேன்.”

அவர் குனிந்துகொண்டார். துணி சுற்றிய கையால் ஒரு பெரிய வட்டம் போட்டார். நடுவில் இருந்து கோடு இழுத்தார். ஒரு கோட்டுக்குப் பிறகு நிறுத்தி யோசித்தார், அழித்தார், மறுபடி போட்டார். சாக்குக்கட்டி தீர்ந்தது. அந்தோணிசாமி தன் காதில் இருந்த பென்சிலை நீட்டினார், பிறகு தரைக்கு ஆகாது என்று தெரிந்து இன்னொரு கட்டி கொண்டுவரச் சொன்னார்.

பின்னால் உருளை இறங்கும் சத்தம். வெள்ளையன் ஆட்களோடு கடப்பாரை போட்டுத் தள்ளிச் சுற்றிப் பார்த்தான். சத்தமில்லாமல் சுற்றியது. கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்து தரையைப் பார்த்தான்.

“இன்னா சார், பூசணிக்கா அறுக்குறாங்களா?”

மொழிபெயர்த்தேன். மிஸ் லிம் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். மீதிக் கோடுகளையும் போட்டு எழுந்து நின்றார்.

நான் சுளைகளை எண்ணினேன்.

பதினாறு.